படாடோபம்: படா டோப்பியா, பாம்பா?

கேள்வி, 28.7.2023
எங்கள் தாத்தா யாராவது புது கார் வாங்கிக்கொண்டு தெருவில் இரண்டு தடவை ஹாரன் அடித்துக்கொண்டு போனால் "படாடோபம்" என்று முணுமுணுப்பார். ஆடம்பரம் மாதிரி ஏதோ என்று புரிகிறது. ஆனால் சொல் தமிழ் மாதிரியே இல்லையே, எங்கிருந்து வந்தது? பந்தா என்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

28.7.2023, இரவு 10.40
இது ரொம்ப சுலபம். படா என்றால் இந்துஸ்தானியில் பெரிய. டோப்பி என்றால் தொப்பி. வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய தொப்பி போட்டுக்கொண்டு குதிரையில் துரை வருவார், பின்னால் டவாலி சேவகன் ஓடுவான், ஊர்க்காரர்கள் "படா டோப்பி வருது" என்று சொல்லிச் சொல்லி அது படாடோபம் ஆகிவிட்டது. எங்கள் தமிழய்யா ஒன்பதாம் வகுப்பில் சொன்னது. கரும்பலகையில் தொப்பி வரைந்தே காட்டினார். சென்னைத் தமிழில் "படா பேஜார்", "படா ஆளு" என்று இன்றைக்கும் இருக்கிறதே, அதே படாதான். சந்தேகமே வேண்டாம்.

29.7.2023, காலை 6.15
சந்தேகம் வந்துவிட்டது.

பல் துலக்கும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். "படா பேஜார்" சொல்லும்போது முதல் எழுத்து பஸ், பல்பு, பிஸ்கட்டில் வருகிற ப. படாடோபம் சொல்லும்போது பல், பழம், பாட்டியில் வருகிற ப. எழுத்து ஒன்றுதான், வாய்க்குள் இரண்டும் வேறு. என் வாயில் மட்டும்தானோ என்று அம்மாவுக்கு போன் போட்டு, காரணம் சொல்லாமல், "படாடோபம்னு ஒரு தடவை சொல்லு" என்றேன். "காலங்கார்த்தால என்னடா ஆச்சு உனக்கு?" என்று கேட்டுவிட்டுச் சொன்னாள். பாட்டியில் வருகிற ப.

இன்னொன்றும் இடிக்கிறது. டோப்பியில் ப் இரட்டிக்கிறது. டோபத்தில் இல்லை. கோபம், தாபம், பாபம் மாதிரிதான் ஒலிக்கிறது. அந்த மூன்றும் வடமொழியிலிருந்து வந்தவை. அப்படியானால் இதுவும் அந்த வண்டியில் ஏறி வந்திருக்குமோ? சாயங்காலம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை யாரும் துரை, குதிரை கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

29.7.2023, இரவு 11.20
நேற்று எழுதியது தப்பு. முழுக்கத் தப்பு. தமிழய்யா மன்னிக்கட்டும், தொப்பி நன்றாகத்தான் வரைந்தார்.

தொப்பி இல்லை, பாம்பு! சமஸ்கிருதத்தில் படா என்றால் பாம்பின் படம். அங்கே அந்த முதல் எழுத்து காற்றுச் சேர்த்து ஊதுகிற ப, நம் வாயில் வெறும் ப ஆகிவிட்டது. ஆடோபம் என்றால் உப்புதல், பூரித்து எழுதல். இரண்டும் சேர்ந்தால் படாடோபம், பாம்பு படத்தை விரித்து நிற்கிற கோலம். மோனியர் வில்லியம்ஸின் 1899 சமஸ்கிருத-ஆங்கில அகராதியில் நேரடியாக இந்தப் பொருளோடு இருக்கிறது. தெலுங்கிலும் படாடோபம் உண்டு. அவர்கள் எழுத்தில் இரண்டு ப-வுக்கும் வேறு வேறு வடிவம் இருப்பதால் ஏமாற்ற முடியாது. எங்கள் அம்மா சொன்ன ப-வைத்தான் அவர்களும் போடுகிறார்கள்.

இதைவிட அருமையான விஷயம், பஞ்சதந்திரத்தில் ஒரு சுலோகம் இந்தச் சொல்லிலேயே முடிகிறது. விஷமில்லாத பாம்பாக இருந்தாலும் பெரிதாகப் படம் எடுக்கத்தான் வேண்டும், விஷம் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், "படாடோபோ பயங்கர:". அதாவது படம் விரிக்கிற அந்தக் காட்சியே பயமுறுத்தப் போதும்.

இதைப் படித்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். விஷம் இல்லாமல் படம் மட்டும் எடுத்தவன் நேற்று இரவு 10.40-க்கு "சந்தேகமே வேண்டாம்" என்று எழுதியவன்தானே.

30.7.2023
ஆடோபம் பற்றி ஒரு சின்னச் சேர்க்கை. ஆயுர்வேதத்தில் இதே சொல் ஒரு நோய்க்குறிக்கு வழங்குகிறது. வயிறு உப்பி, உள்ளே கடகடவென்று சத்தம் கேட்பது. நம் பாஷையில் வாயுத் தொல்லை. தாத்தாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள், அடுத்த கார் போகும்போது அவருக்கு இன்னும் திருப்தியாக இருக்கும்.

1.8.2023
"படம் காட்டாதே என்கிறோமே, அதுவும் பாம்புப் படம்தானே?" என்று ஒரு நண்பர் கேட்கிறார். நானும் இரண்டு நாளாக அந்த ஆசையில்தான் இருந்தேன். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! ஆனால் ஒரு தடவை அடி பட்டாயிற்று, நிதானமாகப் பார்ப்போம். பாம்பு படம் எடுக்கும், படம் விரிக்கும். பாம்பு படம் காட்டியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதே ஆட்கள் "ஃபிலிம் காட்டாதே" என்கிறார்கள், "சீன் போடாதே" என்கிறார்கள். ஃபிலிம் எந்தப் புற்றிலிருந்தும் வராது, ஆகவே இது கொட்டகைப் படம்தான். வருத்தமாகத்தான் இருக்கிறது.

பாம்பின் படத்துக்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது, பை. பையரவு என்றால் படமுள்ள பாம்பு. காஞ்சியை விட்டுச் சீடன் கணிகண்ணன் போகிறான், நீயும் உன் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொள் என்று திருமழிசையாழ்வார் பெருமாளையே கிளப்பினாரே, அந்தப் பை. பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார் என்பது கதை. தலைப்பை விட்டு எங்கேயோ போகிறேன்.

3.8.2023, இரவு
ஆடிப்பெருக்கு, ஊருக்கு வந்திருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம், குடமுருட்டிக் கரை. அம்மா கலந்த சாதம் நான்கு வகை கட்டிக்கொடுத்தாள். படித்துறையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடும்போதுதான் ஞாபகம் வந்தது. விஷமில்லாத பாம்பு படம் எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன்!

எனக்குப் பத்து வயது இருக்கும். வயலுக்குப் போகிற வாய்க்காலில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தோம், நானும் சித்தப்பா மகனும். மதகு ஓரம் கல்லை நகர்த்தினேன். கல்லுக்கடியில் மஞ்சளும் கறுப்புமாகச் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்ட உடம்போடு ஒன்று சுருண்டு கிடந்தது. சட்டென்று தலையை ஒரு சாண் தூக்கியது. கழுத்தைத் தட்டையாக்கி அகலப்படுத்தியது. புஸ்ஸென்று ஒரு சத்தம். நல்லபாம்பு என்று கத்திக்கொண்டு நாங்கள் ஓடிய ஓட்டத்தில் அவன் டவுசர் முள்வேலியில் மாட்டிக் கிழிந்தது. சித்தப்பா மண்வெட்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தண்ணிப்பாம்புடா. பல்லு பட்டா ரத்தம் வரும், அவ்வளவுதான். சும்மா பூச்சாண்டி காட்டுது" என்று மண்வெட்டிக் காம்பால் தள்ளிவிட்டார். அது தண்ணீரில் விழுந்ததும் கழுத்து பழையபடி குச்சியாகிவிட்டது. நெளிந்து போயே போய்விட்டது.

நீர்க்கோலி என்று சில ஊரில் சொல்வது இதைத்தான். சாரைப்பாம்பும் மடக்கிப் பிடித்தால் கழுத்தை உப்பிக்கொண்டு உறுமும். ஆக, பஞ்சதந்திரக்காரர் சும்மா உவமைக்காகக் கட்டிவிட்ட பாம்பு இல்லை அது. யாரோ ஒருவர் வாய்க்காலில் நண்டு பிடித்திருக்கிறார்.

4.8.2023
படுத்தால் தூக்கம் வரவில்லை, மூதுரை ஓடுகிறது. "நஞ்சுடைமை தானறிந்து நாகங் கரந்துறையும், அஞ்சாப் புறங்கிடக்கும் நீர்ப்பாம்பு". ஔவையார் பஞ்சதந்திரத்தை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார் பாருங்கள். விஷம் உள்ளது அடக்கமாக உள்ளே இருக்கும், இல்லாததுதான் வெளியே வந்து ஆட்டம் போடும். படாடோபத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எங்கே கிடைக்கும்?

6.8.2023
வேறு எங்கே கிடைத்தாலும் அங்கே கிடைக்காது. முழு வெண்பாவையும் நான் படித்திருக்க வேண்டும். அடுத்த இரண்டு அடி "நெஞ்சில் கரவுடையார் தம்மைக் கரப்பர், கரவார் கரவிலா நெஞ்சத் தவர்" என்று போகிறது. மனதில் வஞ்சம் வைத்திருப்பவன் ஒளிவான், வஞ்சமில்லாதவன் ஒளிய மாட்டான் என்கிறார். அதாவது ஔவையாருக்கு நாகம்தான் கெட்டது, நீர்ப்பாம்பு வெள்ளந்தி. நான் பாதி வெண்பாவை வெட்டி எனக்கு வேண்டியதை ஒட்டிக்கொண்டேன். மேடைப் பேச்சாளர்கள் செய்கிற வேலை.

நான் தேடியது உண்மையில் குறளில் இருந்தது. 978. "பணியுமாம் என்றும் பெருமை சிறுமை, அணியுமாம் தன்னை வியந்து." அணியுமாம் என்கிற சொல்லைப் பாருங்கள். நகை போடுகிற மாதிரி தன்னைத்தானே புகழ்ந்து பூட்டிக்கொள்வது. தனக்குத் தானே மாலை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிற ஆட்களை நான் தினம் பார்க்கிறேன், சொல்கிறேன் அப்புறம்.

9.8.2023
பந்தாவும் இதுவும் ஒன்றா என்று முதலில் கேட்டதற்கு இதுவரை பதிலே சொல்லவில்லை, ஊரெல்லாம் சுற்றிவிட்டேன்.

ஒன்றில்லை. பந்தா ஆளிடம் இருப்பது. கையில் காலணா இல்லாமல், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பந்தா பண்ணலாம். படாடோபத்துக்குச் செலவு வேண்டும். பந்தல், மேளம், வண்டி, நாலு பேர் பின்னால் வரவேண்டும். "பந்தா பண்றான்" என்பதில் கொஞ்சம் ரசனை கூட உண்டு, நண்பனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். படாடோபம் என்று நண்பனை யாரும் கேலி செய்வதில்லை, அது பின்னால் நின்று முணுமுணுக்கிற சொல். தாத்தா சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார்.

ஜம்பம் வேறு. அது பேச்சில் அடிப்பது, அதனால்தான் "உன் ஜம்பமெல்லாம் என்கிட்ட சாயாது" என்கிறோம். இதற்கும் டம்பத்துக்கும் மூலம் ஒன்றே, வடமொழி தம்பம். அசுரக் குணங்களை வரிசையாகச் சொல்லும்போது கீதை 16-ஆம் அத்தியாயம் முதல் பெயராக வைப்பது இதைத்தான். இல்லாததை இருப்பதாகக் காட்டும் வேஷம் என்பது பழைய பொருள். தமிழுக்கு வந்தபோது பொய் கொஞ்சம் குறைந்து பளபளப்பு கூடிவிட்டது. டாம்பீகம் அதன் தங்கை. டம்பாச்சாரி என்று ஆளுக்கே பட்டம் கட்டினோம், 19-ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாத முதலியார் டம்பாச்சாரி விலாசம் என்று நாடகமே எழுதினார்.

ஆடம்பரம் எனக்குப் பிடித்தது. அது சமஸ்கிருதத்தில் முதலில் ஒரு முரசு! அப்புறம் பெரிய சத்தம், யானைப் பிளிறல், கடைசியில் பகட்டு. அந்தக் காலத்தில் பணக்காரன் வருவது கண்ணுக்குத் தெரியும் முன் காதுக்குத் தெரிந்திருக்கிறது. தாத்தா தெருவில் இரண்டு தடவை ஹாரன் என்றீர்களே, அது அசல் ஆடம்பரம்.

நம் சொந்தச் சரக்கில் வெத்துவேட்டை யாரும் அடிக்க முடியாது. குண்டு இல்லாமல் மருந்து மட்டும் கெட்டித்துப் போடுகிற வேட்டு. பஞ்சதந்திரத்துக்கு ஒரு முழு சுலோகம் தேவைப்பட்டது, நமக்கு ஒரே சொல்.

12.8.2023
அச்சகத்தில் வேலை பார்க்கிறேன் என்று இதுவரை சொல்லவில்லை. பதினேழு வருஷம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, இப்போது பாதிக்கு மேல் ஃப்ளெக்ஸ். ஆகவே இந்தச் சொல்லோடு எனக்குத் தொழில் சம்பந்தம் உண்டு.

கவனித்த ஒன்று. படாடோபம் என்ற சொல் அச்சில் வந்தால் பெரும்பாலும் இல்லாததாகத்தான் வருகிறது. "படாடோபம் இல்லாத எளிய மனிதர்", "எந்தப் படாடோபமும் இன்றி வாழ்ந்தவர்". முதலாமாண்டு நினைவஞ்சலிக்கு முக்கால்வாசிப் பேர் இந்த வரியோடுதான் வருகிறார்கள். அந்த வரியை இருபது அடி ஃப்ளெக்ஸில், நான்கு நிறத்தில், வெள்ளைப் புறா பறக்க அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஃப்ளெக்ஸில் பெயருக்கு முன்னால் போடுகிற பட்டங்களைத் தட்டச்சு செய்யும்போது ஆரம்பத்தில் சிரிப்பு வரும். தொழிலதிபர் என்று போடச்சொல்வார், கேட்டால் ஜெராக்ஸ் கடை. என் கடையைவிட ஒரு மெஷின் கூட, அவ்வளவுதான். ஒருவர் தன் படத்தைப் பெரிதாக்கச் சொல்லிச் சொல்லி, கடைசியில் பிறந்தநாள் கொண்டாடுகிற தலைவர் இவர் காதுப் பக்கம் ஒரு வில்லை அளவுக்கு ஆகிவிட்டார். ப்ரூஃப் பார்த்துவிட்டு அவரே கொஞ்சம் பயந்துபோய், "தலைவர ஒரு நூல் பெருசு பண்ணுங்க" என்றார்.

இதெல்லாம் எழுதும்போது கை தானாக ஓடுகிறது, ஏனென்றால் நான் மட்டும் ரொம்ப யோக்கியன் மாதிரி. என் பைக்கில் முன்னால் ப்ரெஸ் என்று ஒட்டியிருக்கிறேன். அச்சகமும் ப்ரெஸ்தானே! இரண்டு தடவை போலீஸ்காரர் மறித்துவிட்டு ஸ்டிக்கரைப் பார்த்ததும் போகச் சொல்லியிருக்கிறார். நான் ஒன்றும் பேசவில்லை, படம் தானாகவே விரிந்து நின்றது.

13.8.2023
மேலே எழுதியது எல்லாவற்றிலும் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறேன் என்று இன்று தோன்றுகிறது. பாம்பு எதற்காகப் படம் எடுக்கிறது?

சில வருஷம் முன்பு பிள்ளைகளை மாமல்லபுரம் கூட்டிப்போகும்போது வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தின் பாம்புப் பண்ணையில் இறங்கினோம். 1978-இல் ஆரம்பித்த சங்கம், விஷம் எடுத்து மருந்துக்குக் கொடுக்கிறார்கள். மண்பானைகளின் வாயில் துணி கட்டி, உள்ளே பாம்பு. ஒருவர் துணியை அவிழ்த்து, கொக்கிக் கம்பியால் ஒரு நல்லபாம்பை எடுத்து மணலில் விட்டார். எழுந்தது, படம் விரித்தது, பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்தினார்கள். என் மகன், "கோவமா இருக்கா?" என்று கேட்டான். அவர் பாம்பைப் பார்த்தபடியே, "கோவமில்ல தம்பி, பயம். பயந்தாத்தான் எடுக்கும்" என்றார். அப்புறம் அவர் அசையாமல் நின்றார். எங்களையும் சும்மா இருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் படம் மெல்லச் சுருங்கி, தலை தாழ்ந்து, அது பானை நிழலைத் தேடி ஊர்ந்து போனது.

அன்றைக்கு இது வெறும் பாம்புத் தகவலாகத்தான் காதில் விழுந்தது. படாடோபத்தைத் திமிர் என்றே இரண்டு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல் உண்டான இடத்தில் திமிரே இல்லை. மதகோரம் கல்லைப் புரட்டிய பையனைப் பார்த்து அந்தத் தண்ணிப்பாம்புக்கு என்ன கர்வம் இருந்திருக்கும்?

14.8.2023
ஒருவர் கோபப்படுகிறார், ஏழைகள் கண் முன்னால் கோடி கோடியாய்க் கொட்டிக் கல்யாணம் பண்ணுகிறவனுக்கு என்ன பயம் என்று. சரி, எல்லாப் படாடோபமும் பயம் என்று நான் சொல்லவில்லை. விஷமும் இருந்து படமும் எடுக்கிற வகை ஒன்று உண்டு. அதைப் பற்றி எழுத எனக்குப் பழக்கமில்லை, அவர்கள் பத்திரிகை அடிக்க என் கடைக்கு வருவதில்லை.

17.8.2023
சித்தப்பா போன் செய்தார். மண்வெட்டி சித்தப்பாதான். டவுசர் கிழிந்தவனின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பத்துக்கு இருபது ஃப்ளெக்ஸ் ஒன்று வேண்டுமாம், மண்டப வாசலுக்கு. நடுவில் மணமக்கள் இல்லை, சித்தப்பா படம். கோட்டு சூட்டோடு. உங்ககிட்ட கோட்டே கிடையாதே சித்தப்பா என்றேன், "நீதான் கம்ப்யூட்டர்ல போட்டு உடுவியே" என்றார். பெயருக்குக் கீழே பெருநிலக்கிழார் என்று போட வேண்டுமாம். இருந்த மூன்று மா நிலத்தில் ஒன்றை விற்றுத்தான் இந்தக் கல்யாணமே நடக்கிறது.

எனக்குச் சுருக்கென்று வந்தது, வாய் வரை வந்துவிட்டது அந்தச் சொல். அதற்குள் அவரே குரலைத் தாழ்த்தி, "சம்பந்தி வீட்ல ரெண்டு பஸ் நெறைய ஆளு வராங்கடா" என்றார்.

கோட்டு போட்டுவிட்டேன். டையும் கட்டினேன், நீலத்தில் வெள்ளைப் புள்ளி.

23.8.2023
கேட்டவர்களுக்கு, கல்யாணம் நன்றாக நடந்தது. ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று சம்பந்தி வீட்டார் நாலைந்து பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் என்னிடமே வந்து, "பெரியவர் அந்தக் காலத்துலயே கோட்டெல்லாம் போட்டிருக்காரு போல" என்று விசாரித்தார். ஆமாம் என்றேன். சித்தப்பா பட்டுச் சட்டையில் விறைப்பாக வாசலிலேயே நின்றார், ஒரு தடவை கூட உட்காரவில்லை.

மூன்று மணிக்கு இரண்டு பஸ்ஸும் கிளம்பிப் போனதும் கடைசி வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மேல் பட்டன் இரண்டைக் கழற்றினார். புதுச் செருப்பு கடித்திருந்தது, கட்டை விரல் பக்கம் தோல் உரிந்து சிவந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அந்த ஃப்ளெக்ஸ கிழிக்காம கழட்டச் சொல்லுடா, மாட்டுக்கொட்டாய்க்கு ஆவும்" என்றார்.

நேற்று கட்டினோம். கொட்டகையின் மேற்குப் பக்கம், சாரல் அடிக்கிற பக்கம். அளவு சரியாக இருந்தது, ஓரத்தில் அரை அடி மட்டும் மடித்துவிட வேண்டியிருந்தது. படம் உள்பக்கமாக வந்துவிட்டது. பசு முதல் நாள் டையை நக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டதாம்.